பேர் ஒட்டாத கேசட்

தோல் வாங்க வந்த ஜப்பான்காரர்
கெஸ்ட் ஹவுஸில் மறந்துவிட்டுப் போனது.
கூட்டிப் பெருக்குகிறவன் கொண்டுவந்து கொடுத்தான்,
இருபது ரூபாய்க்கு.

தொண்ணூற்று மூன்று, ஐப்பசி.
ராணிப்பேட்டை நவல்பூரில் சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
மூன்று டெக், ஒரு மைக்,
மேசைவிசிறியைப் பார்த்துச் சூடாறும் பூஸ்டர்.
இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு வயர் இழுத்திருந்தோம்
நானும் இக்ராமுல்லாவும்.
ராத்திரிப் படம் பாதியில் பூஞ்சை பிடித்து நின்றது.
கார்ட்டூன்தானே, போடு என்றேன்.

முதல் நிமிடத்திலேயே ஒரு தலை போனது.
கழுத்திலிருந்து சிவப்பு
தெருக்குழாய் உடைந்த மாதிரி நின்று அடித்தது.
ஸ்டாப் பட்டனில் விரல் வைத்தேன்.
டெலிபோன் அடித்தது.
திட்டத்தான் என்று எடுத்தால்
பிஞ்சியிலிருந்து எத்திராஜுலு:
"இன்னா பேசிக்கிறாங்கோன்னு சொல்லுப்பா, ஒண்ணும் புரில."

காணாமல் போன ஆடு, நகைக்கடைத் தள்ளுபடி
சொல்கிற மைக்கை இக்ராமுல்லா எடுத்தான்.
இன்னும் பிறக்காத ஒரு நூற்றாண்டு
அன்றைக்கு எங்கள் பேச்சு பேசியது.

நிலாவைக் கம்பெனிக்கு விற்றுவிட்ட ஊராம் அது.
கறுப்புத்துணி சுற்றினவன்
கண்ணாடிக் கட்டடத்தில் பல்லி மாதிரி ஏறுகிறான்.
முதுகுத்தண்டு முழுக்க இரும்பு,
கணுவுக்கொரு கத்தி.
"எங்கடா ஓடற? உன் கணக்கு பாக்கி கீது"
இக்ராமுல்லா சொல்லவும் கத்தி இறங்கவும்
சரியாக இருந்தது.
வெட்டுப்பட்டவன் வாய் இன்னும் அசைந்தது.
அதற்கும் வார்த்தை வேண்டுமே:
"எம் பொண்டாட்டிகிட்ட சைக்கிள் சாவிய குட்துடு."
சன்னலுக்குச் சன்னல் நீல வெளிச்சம்.
எதிர்வீட்டுச் சிரிப்பு
வயரில்லாமல் எங்களிடம் வந்து சேர்ந்தது.

நாற்பதாவது நிமிடமோ என்னவோ.
ஆலைக்கு அடியில் ஒரு தொட்டி, மஞ்சள் தண்ணீர்.
மூடி திறந்து ஒருவன் இறங்குகிறான்.
மேலே வரவில்லை.
அவனை எடுக்க இன்னொருவன்.
அவனும்.
கறுப்புத்துணிக்காரன் விளிம்பில் மண்டியிட்டு
உள்ளே பார்த்துக் கூப்பிடுகிறான்.
வாய் அசைகிறது.

மைக்கில் ஒன்றுமில்லை.

போன சித்திரையில் சிப்காட்டில்
கழிவுத் தொட்டிக்குள் நிசார் இறங்கினதும்
அவனைத் தூக்கத் தயாளன் இறங்கினதும்
இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும்.
நிசார், இக்ராமுல்லாவுக்கு அண்ணன்.
ஒரு சொட்டு ரத்தம் இல்லை.
முழங்காலளவுதான் தண்ணீர்,
சட்டைப்பையில் பீடிக்கட்டு நனையாமல் இருந்தது.

விசிறிச் சத்தம், கீழே நாய்,
இக்ராமுல்லா மூச்சு
எல்லாம் வயரில் போய்க்கொண்டிருந்தன.
நான் சத்தத்தைக் குறைத்திருக்கலாம்.
குறைக்கவில்லை.

படத்திலிருந்தவன் வாய் மூடி
வேறு தெரு, வேறு சண்டை வந்த பிறகு
மெதுவாகச் சொன்னான்:
"அண்ணே, கயிறு கட்டிக்கினு எறங்கு."

அதற்கப்புறம் ஒரு கோட்டுக்காரன் வந்தான்.
யாரென்று தெரியாது,
முதலாளி என்று எடுத்துக்கொண்டோம்.
கணுவுக்கொரு கத்தியும் அவன்மேல் பாய்ந்தது.
எத்தனை துண்டு என்று எண்ண முடியவில்லை.
அவன் கெஞ்சினதை
இக்ராமுல்லா தமிழில் சொல்லவில்லை,
ஜப்பான் பாஷையிலேயே விட்டுவிட்டான்.

முடிவு தெரியாது.
டெக் நாடாவைத் தின்றுவிட்டது.
பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்,
கசங்கினது கசங்கினதுதான்.
எத்திராஜுலு மறுபடி போன் செய்யவில்லை.

ஒண்ணாம் தேதி வசூலுக்குப் போனேன்.
தயாளன் சம்சாரம் மல்லீஸ்வரி
எப்போதும் படம் தெளிவில்லை என்று
பத்து ரூபாய் பிடிப்பவள்,
ஐம்பதையும் எண்ணி வைத்தாள்.
"அந்தக் கத்திக்காரன் படம் திருப்பிப் போடுவியா?"

"முழுசா வேணாம்.
கோட்டுப் போட்டவன் வருவானே,
அங்கேருந்து போட்டாப் போதும்."

நாடா போனதைச் சொல்லவில்லை.
ரசீது கிழித்துக் கொடுத்தேன்.